சொல்லில் அமைந்த சின்னம்: ஸ்குரூப் – குரோவ்னர் வழக்கும் மரபுச்சின்ன மொழியும்

திறவுச்சொற்கள்: மரபுச்சின்னவியல், பிளேசன், கட்டியங்காரர், விளிம்புப்பட்டை, சாசர்

இடைக்கால ஐரோப்பாவின் வீரக்குடிகள் தம் கேடயங்களில் தாங்கிய குறிகளைப் பற்றிய துறையைத் தமிழில் மரபுச்சின்னவியல் என வழங்குகிறோம். இப்பெயர் காட்சியை முதன்மைப்படுத்துகிறது. ஆங்கிலத்தில் அத்துறை பெற்ற பெயரோ ‘ஹெரால்டு’ என்னும் கட்டியங்காரரின் தொழிலிலிருந்து பிறந்தது. போட்டிக்களத்தில் நுழையும் வீரரை அவர்தம் சின்னத்தைக் கொண்டு இன்னார் என உரக்க அறிவித்தவர் அவர். கண்ணுக்குரியதாகத் தோன்றும் ஒரு துறை, வரைந்தவரின் பெயரால் அன்றி உரைத்தவரின் பெயரால் அறியப்படுவது கருதத்தக்கது. மரபுச்சின்னத்தின் மூலபாடம் ஓவியம் அன்று, அதனை உரைக்கும் வாக்கியமே என்பதை 14ஆம் நூற்றாண்டின் ஆங்கில வழக்கொன்றின்வழி நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

அவ்வாக்கியத்திற்குப் பிளேசன் என்று பெயர். அதன் சொற்களில் பெரும்பாலானவை நார்மானியப் பிரெஞ்சிலிருந்து வந்து ஆங்கிலத்தில் நிலைத்தவை. பொன் ‘ஓர்’ எனவும், வெள்ளி ‘ஆர்ஜென்ட்’ எனவும், நீலம் ‘அஷர்’ எனவும், சிவப்பு ‘கியூல்ஸ்’ எனவும் கூறப்படும். இவை சாயலைக் குறிப்பன அல்ல, வகையைக் குறிப்பன. வான்நீலமும் அஷர், கருநீலமும் அஷர். உலோகத்தின்மேல் உலோகமும் நிறத்தின்மேல் நிறமும் வரலாகாது என்ற விதி உண்டு. வெள்ளிக் களத்தில் பொற்சிலுவைகளைத் தாங்கிய ஜெருசலேம் அரசின் சின்னம் இவ்விதிக்குப் புகழ்பெற்ற புறனடை. இத்தகைய மீறலைப் பிரெஞ்சு மரபு ‘வினவத்தக்க சின்னம்’ என்றது. பிழை எனத் தள்ளாது, காரணம் கேட்கத் தூண்டும் வழக்காக அதனைக் கொண்டமை ஓர் இலக்கண மனப்பாங்கையே காட்டுகிறது.

வழக்கிற்குரிய சின்னம் ‘அஷர், எ பெண்ட் ஓர்’ என்பது. முதலில் களம், பின்னர் உரு, இறுதியில் உருவின் நிறம். நீலக் களத்தில் பொன்னாலாகிய சாய்பட்டை என இதனைத் தமிழில் கூறலாம். பட்டையின் அகலம் இவ்வளவு என்று வாக்கியம் சொல்வதில்லை. அது ஓவியரின் விருப்பம். ஆனால் பட்டை கேடயம் தாங்குபவரின் வலப்புற மேல்மூலையில் தொடங்க வேண்டும். பார்ப்பவருக்கு அது இடப்புறம். திசையை மாற்றினால் சின்னமே வேறாகிவிடும். 1300இல் முதலாம் எட்வர்டு ஸ்காட்லாந்தின் கார்லாவரொக் கோட்டையை முற்றுகையிட்டதைப் பாடும் நெடுங்கவிதை, நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களின் சின்னங்களைச் சொற்களாலேயே நிரல்படுத்துகிறது. படமின்றியே சின்னம் நிறைவுபெறும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று தேவையில்லை.

1385இல் இரண்டாம் ரிச்சர்டு ஸ்காட்லாந்தின்மீது படையெடுத்தபோது, அப்படையிலிருந்த ரிச்சர்டு ஸ்குரூப், தம் சின்னத்தையே ராபர்ட் குரோவ்னர் என்னும் செஷயர் வீரரும் தாங்கியிருக்கக் கண்டார். வழக்கு வீரர்குல நீதிமன்றத்திற்குச் சென்றது. நூற்றுக்கணக்கானோர் சாட்சியம் அளித்தனர். அவர்களுள் ஒருவர் கவிஞர் ஜெஃப்ரி சாசர். 1386இல் அவர் கூறியதன் சாரம் இது: இலண்டனின் ஃபிரைடே தெருவில் அச்சின்னம் தொங்கக் கண்டு, ஸ்குரூப் தங்கியுள்ள மனை இதுவோ என அங்கிருந்தவரிடம் வினவினார், அன்று, குரோவ்னர் என்பவருடையது என விடை வந்தது, அப்பெயரை அவர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார். ஸ்குரூப்பின் தரப்பிற்கு வலுச்சேர்த்த இச்சாட்சியம் வேறொன்றையும் உணர்த்துகிறது. காட்சி சாசருக்குத் தவறான பெயரைத் தந்தது. வாய்ச்சொல்லே அதனைத் திருத்தியது.

1389இல் தீர்ப்பு ஸ்குரூப்பிற்குச் சார்பாக அமைந்தது. எனினும் அதே சின்னத்தை வெள்ளி விளிம்புப்பட்டையுடன் குரோவ்னர் தாங்கலாம் எனவும் கூறப்பட்டது. மேல்முறையீட்டில் மன்னர் 1390இல் அச்சலுகையையும் நீக்கினார். இவ்வழக்கை முதலில் பயின்றபோது, ஓர் ஓரக்கோட்டிற்காக மன்னர் வரை செல்வானேன் என்றே கட்டுரையாளருக்கும் தோன்றியது. மன்னரின் காரணம் அவ்வையத்தைப் போக்குகிறது. விளிம்புப்பட்டை குருதியுறவினரிடையே போதிய வேறுபாடு. உறவற்ற இருவரிடையே அது போதாது. கண்ணளவில் இரு கேடயங்களையும் பிரித்தறிய வெள்ளி ஓரம் தாராளமாகப் போதும். ஆயின் அம்மொழியில் விளிம்புப்பட்டை ஒரு விகுதிபோல் செயற்பட்டு, ‘இக்குடியின் கிளை’ என்னும் பொருளைத் தருகிறது. அதனைச் சேர்த்தால் குரோவ்னர் ஸ்குரூப்பின் உறவினர் என்று கேடயமே பொய்யுரைக்கும். மன்னர் தீர்த்தது தோற்ற ஒற்றுமையை அன்று, பொருட்பிழையை.

இவ்வாதத்திற்கு இடர்தரும் செய்தி ஒன்றும் வழக்கில் உண்டு. கார்ன்வாலைச் சேர்ந்த கார்மினோ குடியினரும் இதே சின்னத்தை உடையவர். தம் உரிமையை அவர்கள் ஆர்தர் மன்னன் காலத்திற்குக் கொண்டுசென்றனர். ஸ்குரூப்புடன் முன்னர் எழுந்த பூசலில் இருவரும் தாங்கலாம் என்றே முடிவாயிற்று. வாக்கியம் ஒன்று, உரியவர் இருவர். கார்ன்வால் முன்பு தனியரசு எனப் பெயர்பெற்ற நிலம் என்று இதற்கு அமைதி கூறப்பட்டது. எனவே வாக்கியமே சின்னம் என்னும் கூற்றை ஓர் அரசின் எல்லைக்குள் என வரையறுத்துக்கொள்வதே முறை. சொல் வழங்கும் நிலம் மாறின் பொருளுக்குரியவரும் மாறுவர் என்பது திசைவழக்கை அறிந்த தமிழ் மாணவர்க்குப் புதிதன்று.

குரோவ்னர் பின்னர் ஏற்றது ‘அஷர், எ கார்ப் ஓர்’, அதாவது நீலக் களத்தில் பொற்கதிர்க்கட்டு. களமும் பொன்னும் நிற்க, உருவின் பெயர் மட்டும் மாறியுள்ளது. செஷயரின் பழைய பிரபுக்களது கதிர்க்கட்டுகளை அது நினைவூட்டுகிறது. ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் கழித்து, 1880இல் எப்சம் டெர்பி பந்தயத்தில் அக்குடியின் வழிவந்த வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனின் குதிரை வென்றது. அதற்கு அவர் இட்டிருந்த பெயர் ‘பெண்ட் ஓர்’. அவருடைய பேரனையும் குடும்பத்தார் ‘பெண்டோர்’ என்றே அழைத்தனர்.