தீப்பெட்டிக்குள் ஒரு வானவில்

சொல்லை நம்பிப் பணிசெய்வோர் நாம். ஆதலால், சொல்லே இல்லாத ஒரு கதையை மதிப்பிடுவது நமக்கு எளிதன்று, எனினும் பயனுடையது. கீதாஞ்சலி ராவ் படைத்து 2006ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிரின்டட் ரெயின்போ’ என்னும் 15 நிமிட ஓவிய அசைவுப்படம் அத்தகையது. மும்பையில் ஓவியம் பயின்ற இவ்வம்மையார் ஏறத்தாழத் தனியொருவராகவே இதனைத் தீட்டி அசைவூட்டினார். அவ்வாண்டு கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் இப்படம் மூன்று பரிசுகளைப் பெற்றது.

மாநகர அடுக்குமாடி வீடொன்றில் ஒரு மூதாட்டி தம் பூனையோடு தனித்து வாழ்கிறார். அவர் சேர்த்து வைத்திருக்கும் தீப்பெட்டிகளே அவருடைய செல்வம். அவற்றின்மேல் அச்சிட்ட படங்களுக்குள் அவர் பூனையுடன் புகுந்து உலவுகிறார். வீட்டிலே நிறமில்லை, படங்களுக்குள்ளோ வண்ணங்கள் பொங்குகின்றன. ‘இவர் தனிமையில் வாடுகிறார்’ என்று எக்குரலும் நமக்கு அறிவிப்பதில்லை. நிறம் வருவதும் மறைவதுமே அதனை உணர்த்திவிடுகின்றன. முடிவை இங்கே உரைத்தல் முறையன்று.

தீப்பெட்டியைத் தெரிந்துகொண்டது மிகப் பொருத்தம். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பகுதிகளிலிருந்து ஊரெங்கும் சென்ற தீப்பெட்டிகளை, எழுத்தறியாதவரும் மேலுள்ள படத்தைச் சொல்லிக் கடையில் கேட்டு வாங்க முடிந்தது. சொல்லின் துணையின்றிப் பேசிய கலை அது. அதே வழியில் இப்படமும் பேசுகிறது.

வைகை அணைப் பக்கத்துச் சபையொன்றில் மூத்த பெண்கள் சிலருக்கு இப்படத்தைக் காட்டினோம். இந்தியோ ஆங்கிலமோ பேசியிருந்தால் நாம் இடைநின்று மொழிபெயர்க்க வேண்டியிருந்திருக்கும். அதற்குத் தேவையே எழவில்லை. 1959ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அவ்வணையின் நீர்த்தேக்கத்துக்காக ஊரையும் நிலத்தையும் விட்டுப் பெயர்ந்த குடும்பங்கள் பல. அன்று சிறுமியாயிருந்த ஒருவர் படம் முடிந்ததும், “எங்க ஊரும் இப்பிடித்தான் ஐயா, கண்ணை மூடுனாத்தான் தெரியும்” என்றார். தீப்பெட்டிக்குள் அவர் கண்டது தம் ஊரை.

இதே நீர்த்தேக்கத்தில் மூழ்கிய வாழ்வை வைரமுத்து ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ என்னும் நாவலில் எழுதினார். அதற்கு 2003ஆம் ஆண்டு சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. பேயத்தேவர் என்னும் உழவரின் பாடுகளையும், அணை எழுந்து ஊர் மூழ்கியதையும் காரணகாரியத்தோடு கூறச் சொற்கள் தேவைப்பட்டன. யார் இழந்தார், எதனால் இழந்தார் என்பதை மௌனம் விளக்காது. ஆனால் மௌனம் வேறொன்றைச் செய்கிறது: பார்ப்பவரின் நினைவு வந்து அமர்வதற்கு இடம் விட்டுவைக்கிறது. நாவல் நமக்கு ஒரு முதியவரை அறிமுகப்படுத்துகிறது. இப்படமோ நம் அருகிலிருக்கும் முதியவரைப் பேசவைக்கிறது.

ஒரு குறையும் சுட்டவேண்டும். அன்றாடத்துக்குச் சாம்பல் நிறம், கற்பனைக்கு வானவில் என்ற பகுப்பு சற்றுக் கடுமையானது. முதுமையின் அன்றாடத்திலும் நிறம் உண்டு. மூதாட்டிக்கும் பூனைக்கும் உள்ள நேசமே அதற்குச் சான்று. அந்த நேசத்தின்மேல் சிறிது வண்ணம் விழுந்திருந்தால் கதை இன்னும் உண்மையாயிருந்திருக்கும்.

யோபுவின் நண்பர் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாதிருந்தனர். அதுவரை நல்ல நண்பராயிருந்தனர். வாய் திறந்த பின்னரே ஆறுதலளிப்பதில் தவறினர். பிள்ளைகள் பிழைப்புக்காக வெளியூர் சென்றுவிட்ட வீடுகளில் முதியோரைச் சந்திக்கும் நம் மாணவர்கள், ஆயத்தம் செய்த ஆறுதல் வசனங்களோடு அங்கே நுழைகின்றனர். அவர்களுக்கு இப்படத்தைக் காட்டலாம். பார்த்தபின் உடனே விளக்கவுரை நிகழ்த்தாதிருப்பது நலம். அடுத்த வீட்டுச் சந்திப்பில், அந்த முதியவர் பெட்டியில் எதைச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று அவர்கள் கேட்டுவரட்டும்.