பிரித்துத் தைப்பவர்

தை மாதம் சம்பா அறுப்பு ஓய்ந்தால் நன்னிலம் பக்கம் கல்யாணங்கள். வரவேற்புக்குக் கோட்டு வேண்டும். திருவாரூரிலோ கும்பகோணத்திலோ ரெடிமேடாக வாங்கிவிடுகிறார்கள். கை நீளும், இடுப்பு தொளதொளக்கும்.

புதிதாகத் தைக்கப் பலர் உண்டு. பிறர் தைத்ததைப் பிரித்துத் தைப்பது வேறு வித்தை. தேர்ந்தவர் முதலில் தோளைத்தான் தொட்டுப் பார்ப்பார். சரியில்லையென்றால், “வேற சைஸ் மாத்திட்டு வாங்க தம்பி” என்று திருப்பி அனுப்பிவிடுவார். தோளில் கைவைத்தால் கை, காலர், லைனிங் எல்லாம் கழற்றணும். இடுப்பு சுலபம், முதுகின் நடுத்தையலைப் பிடித்தால் போதும். கையைக் குறைக்கும்போதோ, பொத்தான்களும் விளிம்போடு அதே தூரத்தில் மேலேறணும். மிச்சத் துணியை வெட்டாமல் உள்ளே மடிப்பவரே என் கட்சி; அடுத்த தம்பிக்கும் ஆகுமே!

முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஓடாதீர்கள். போடப்போகும் சட்டையோடு, பத்து நாள் முன்னரே போய் நில்லுங்கள்.