‘என் சரித்திரம்’ நூலில் தன்னம்பிக்கை வளர்ந்த விதம்

டாக்டர் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்று, 1950இல் நூலாயிற்று. ஏட்டுச்சுவடி தேடி அலைந்த கதையாகவே இதைப் பலரும் படிக்கிறார்கள். சிக்பேட்டையில் துணி வியாபாரம் செய்து, கடை சாத்தியபிறகு புத்தகத்தைத் திறக்கிற எனக்கு இது வேறு ஒன்றாகவும் படுகிறது. ‘இது என்னால் ஆகும்’ என்கிற எண்ணம் ஒரு மனுஷனுக்கு எப்படி உண்டாகிறது, உண்டானபின் அவன் நடத்தை எப்படி மாறுகிறது என்பதை இவ்வளவு ஒளிவுமறைவின்றிச் சொல்லும் தமிழ் உரைநடை நூல் வேறொன்றை நான் படித்ததில்லை.

1880 அக்டோபரில் ஐயர் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த இடம் பலருக்கும் தெரியும். ஐயருக்கு வயது 25. கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராகி எட்டு மாதம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் எல்லாவற்றையும் அடுக்குகிறார். முன்சீப் முதலியார் அசையவில்லை. இவற்றால் என்ன பயன் என்கிற தோரணையில் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணியைப் பற்றி விசாரிக்கிறார். மேடைப் பேச்சாளர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு, அவமானம் வைராக்கியத்தைக் கொடுத்தது என்று கைதட்டல் வாங்கிவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஐயரிடம் அன்று நம்பிக்கைக்குக் குறைவே இல்லை. பாடம் கேட்ட நூல்களைப் பற்றிய நம்பிக்கை அது. அதன் வேலி எங்கே முடிகிறது என்று முதலியார் காட்டினார், அவ்வளவுதான். சிந்தாமணியைக் கையில் வாங்கிய ஐயருக்குக் கதைப்போக்கும் பிடிபடவில்லை, சமயச் சொற்களும் பிடிபடவில்லை. நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்பதும் தெரியவில்லை.

இதற்குப் பிறகு வரும் அத்தியாயங்கள்தான் எனக்கு உயிர். சிந்தாமணி சமண நூல் என்று அறிந்த ஐயர், கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிப் போகிறார். போன இடத்தில் தோரணம் கட்டியிருக்கிறது. என்ன விசேஷம் என்றால், சிந்தாமணி பாராயணம் பூர்த்தியாம்! கல்லூரிப் பண்டிதருக்குப் புரியாத நூல் அங்கே குடும்பத்து வாசிப்பு. சந்திரநாத செட்டியார் போன்றவர்களிடம் உட்கார்ந்து ஒவ்வொரு சந்தேகமாகக் கேட்கிறார். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் ஸ்ரீபுராண வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவன் நான். இந்தப் பக்கங்களைப் படிக்கையில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும், மறைப்பானேன்? ஆனால் பெருமை எங்களுக்கு மட்டுமில்லை. சைவ மடத்தில் படித்த ஒருவர், வேறு சமயத்தார் வீட்டில் ‘எனக்குத் தெரியாது, சொல்லுங்கள்’ என்று கேட்கிறாரே, அதைப் பாருங்கள். தெரியாது என்பதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று சில சுயமுன்னேற்றப் புத்தகங்கள் போதிக்கின்றன. ஐயரிடம் நடந்தது தலைகீழ்.

சில நாளில் அவரே சமண விஷயங்களைத் தெளிவாக எடுத்துச் சொல்கிறார். அதைக் கேட்ட ஒரு பெண்மணி, இவர் பவ்ய ஜீவன் போலிருக்கிறதே என்று வியக்கிறார். பவ்ய ஜீவன் என்றால் எங்கள் வழக்கில் வீடுபேற்றுக்குத் தகுதி பெற்ற உயிர். இது ‘சபாஷ்’ போன்ற வெறும் பாராட்டு அன்று. விஷயம் தெரிந்தவர் கொடுத்த சான்றிதழ். தன் திறமை மேல் உள்ள நம்பிக்கையை ஆராய்ந்த உளவியலறிஞர் ஆல்பர்ட் பந்துரா 1977இல் அதற்கு நாலு ஊற்றுக்களைச் சொன்னார்: தானே செய்து முடித்தது, தன்னைப் போன்றவர் செய்யக் கண்டது, பிறர் சொல், உடம்பும் மனசும் அப்போது இருக்கும் நிலை. முதலாவதுதான் பலமானது, பிறர் சொல் பலிப்பது சொல்கிறவரைப் பொறுத்தது என்பார். கடையில் புதுப் பையனை நாங்கள் முதல்நாளே கல்லாவில் உட்காரவைப்பதில்லை. துணி மடிப்பான், பிறகு கஜம் போடுவான், பிறகு கிராக்கியிடம் பேசுவான். ஐயரும் திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளில் சங்க நூல்களைப் படிக்கப் படிக்க, உரை மேற்கோள்களின் இருப்பிடம் ஒவ்வொன்றாக அகப்படுகிறது. ஒன்று அகப்பட்டால் அடுத்ததும் அகப்படும் என்ற துணிவு வருகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அது நம்ம பெங்களூர்க் கதை. இங்கிருந்த வல்லூர் தேவராச பிள்ளை, மகாவித்துவானை வரவழைத்துப் பாடம் கேட்ட செல்வந்தர். ‘குசேலோபாக்கியானம்’ அவர் பெயரில் வெளியானது. பாடியவர் மகாவித்துவானே என்று ஐயர் எழுதுகிறார். குருவுக்கு அது தாராளம். சீடர் மனசுக்கு அதனால் என்ன கிடைத்திருக்கும் என்றுதான் நான் யோசிப்பேன்.

நடத்தை மாறியதற்கு இரண்டு இடங்கள் போதும். பதிப்பில் முன்னோடியான சி.வை.தாமோதரம் பிள்ளை சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பியபோது, இளையவரான ஐயர் தயங்கித் தயங்கி, கடைசியில் தாமே செய்வதென்று நிற்கிறார். 1887இல் நூல் வந்ததும் பிழை பிழை என்று கண்டனங்கள் வருகின்றன. ஐயர் மறுப்பு எழுதுகிறார். உடன் வேலைபார்த்த சாது சேஷையர் சொல்லக் கேட்டு அதைக் கைவிடுகிறார். சண்டைக்குப் போகாமல் 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று போகிறார். மணிமேகலைக்குப் பௌத்தம் வேண்டியிருந்தது. சமணர் வீட்டில் செய்ததைப் போலவே மளூர் ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டு அறிந்து 1898இல் அதையும் கொண்டுவந்தார்.

நூலில் எனக்கு ஒரு குறையும் உண்டு. பின்பகுதியில் ஏடு தந்தவர் பெயர்களும் கடிதங்களும் பெருகப் பெருக, மனசுக்குள் நடந்தது சுருங்கிவிடுகிறது. பிற்காலச் சந்தேகங்களையும் முன்பகுதி மாதிரி எழுதியிருக்கலாம்.

இதை நம் சங்க மலரில் எழுத ஒரு காரணம் இருக்கிறது. பள்ளியில் கன்னடமும் இந்தியும் இங்கிலீஷும் படிக்கிற நம் பிள்ளைகள், “எனக்குத் தமிழ் வாசிக்க வராது அங்கிள்” என்கிறார்கள். உடனே மேடையேற்றி, மனப்பாடமாக இரண்டு குறள் சொல்லவைத்து, கோப்பை கொடுத்து அனுப்புகிறோம். பொங்கல் முடிந்தால் பழையபடி “வராது”. பெரிய பிள்ளைகளுக்கு ‘என் சரித்திர’த்தின் இந்த அத்தியாயங்களை வாரம் மூன்று பக்கமாகக் கொடுத்து, தாங்களே எழுத்துக்கூட்டி முடிக்கவிடலாம். பக்கத்தில் தாத்தாவோ பாட்டியோ உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.