திரையிலே நீதி

மண்ணால் ஒரு குருவைச் செய்துவைத்துக்கொண்டான் ஏகலைவன். அந்த மண்குரு வாய் திறந்ததில்லை. "தவறு, மீண்டும் எய்" என்று சொன்னதில்லை. ஐயம் கேட்டால் விளக்கியதில்லை. எனினும் வித்தை வந்தது வேடர்குலச் செல்வனுக்கு. எப்படி வந்தது என்று வியந்து வியந்து கதை சொல்லுவர் காலட்சேபக்காரர்கள். நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. உயிருள்ள துரோணர் அரண்மனைப் பிள்ளைகளுக்கு, மண் துரோணர் காட்டுப் பிள்ளைக்கு என்று பங்கிட்டவர் யார்? கட்டைவிரல் பிறகுதான் போயிற்று. அதற்கு முன்பே போய்விட்டார் ஆசிரியர்!

புராணப் புளுகு எதற்கு இப்போது என்பீர்கள். புளுகுதான், மறுக்கவில்லை. புளுகல்லாத ஒன்றைச் சொல்லத்தான் அதனை இழுத்து வந்தேன். நடந்த இடம் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா மாநிலம், ஆண்டு 2013.

ஹார்வர்டு பல்கலைக் கழகத்திலே மைக்கேல் சாண்டல் என்றொரு தத்துவப் பேராசிரியர். 'நீதி' என்னும் பொருள்பற்றி அவர் நெடுங்காலமாக நடத்திவந்த வகுப்பு, 2009இல் படமாக்கப்பட்டு 12 பகுதிகளாகத் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் வெளிவந்தது. பார்த்தேன், பாராட்டத்தான் வேண்டும். பெரியதோர் அரங்கம், நூற்றுக்கணக்கிலே மாணாக்கர். மேடையிலே நிற்கும் ஆசிரியர் சூத்திரம் ஒப்புவிக்கவில்லை, மேற்கோள் மழை பொழியவில்லை. தடை அறுந்த டிராம் வண்டி ஒன்று விரைகிறது; நேரே சென்றால் ஐவர் மடிவர், திருப்பினால் ஒருவர் மடிவர்; நீ என்ன செய்வாய் என்று கேட்கிறார். நடுக்கடலிலே பசியால் துடித்த மாலுமிகள், தம்முடன் இருந்த ஏவலாளச் சிறுவனைக் கொன்று தின்று உயிர் பிழைத்த 1884ஆம் ஆண்டு வழக்கை விரிக்கிறார். குற்றமா, இல்லையா என்கிறார். எழுந்து பேசிய மாணவனிடம் பெயர் கேட்கிறார்; அவன் சொன்னதை அவனுக்கே எதிராகத் திருப்புகிறார்; அவன் தடுமாறுகிறான், திருத்திக்கொள்கிறான், மீண்டும் வாதாடுகிறான். கூரிய கேள்விக்கு முன் கொள்கை நடுங்குவதைக் காண்பதிலே ஓர் இன்பம் இருக்கிறது. பகுத்தறிவாளருக்குச் சொல்லவா வேண்டும்!

அந்த வகுப்பின் உயிர் எங்கே இருக்கிறது? சாண்டலின் சொல்லிலா? இல்லை. "உன் பெயர் என்ன?" என்று அவர் கேட்கிறாரே, அந்த ஒரு கேள்வியிலே இருக்கிறது. கேட்கப்பட்டவன் சிந்தித்தே தீரவேண்டும், ஒளிந்துகொள்ள இடமில்லை. படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பும்போது சொல் போகிறது, குரல் போகிறது, மேடை போகிறது. கேள்வி மட்டும் ஹார்வர்டிலேயே தங்கிவிடுகிறது. திரைக்கு முன் இருப்பவன் சன்னல் வழியே பந்தியைப் பார்ப்பவன் போல் ஆகிறான். இலை தெரியும், பரிமாறுவது தெரியும், பசி மட்டும் அடங்காது.

ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் ஆளுக்கு 3 கோடி டாலர் போட்டு, 2012இல் எட்எக்ஸ் என்னும் இணையக் கல்வி அமைப்பைத் தொடங்கின. அதன் வழியே வந்த 'நீதி' வகுப்பைப் பயன்படுத்தும்படி, சான் ஹோசே அரசுப் பல்கலைக் கழகத்துத் தத்துவத் துறைக்கு நிருவாகத்தினர் எடுத்துரைத்தனர். அந்தப் பல்கலைக் கழகத்திலே ஆசிய வழியினரும் லத்தீன் அமெரிக்க வழியினரும் மிகுதி. குடும்பத்திலேயே முதன்முதல் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளைகள் பலர். துறை ஆசிரியர்கள் மறுத்தனர். மறுத்ததோடு நில்லாமல், ஏப்ரல் 29ஆம் நாள் சாண்டலுக்கே பகிரங்கக் கடிதம் வரைந்தனர். நாடெங்கும் ஒரே மனிதரின் நீதிப் பாடம் ஓடுமானால் மாறுபட்ட கருத்துக்கு இடமேது என்று கேட்டனர். செல்வப் பிள்ளைகளுக்கு ஆசிரியரும், மற்றவர்க்கு அவர் நடத்திய வகுப்பின் படமும் என்று இருவகைப் பல்கலைக் கழகம் உருவாகும் என்று எச்சரித்தனர். படம் ஓடும் அறையிலே தம் வேலை மேற்பார்வையாகச் சுருங்கும் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. வயிற்றுப்பிழைப்புக்காகப் பேசினார்கள் என்று இகழ்ந்தவர் உண்டு. பிழைப்பைக் காப்பவன் பேசினால் உண்மை பொய்யாகிவிடுமா?

சாண்டல் தந்த விடை அவருக்குப் பெருமை சேர்ப்பது. அந்த ஏற்பாடுபற்றித் தமக்கு அதிகம் தெரியாது. ஆயினும் தம் பாடத்தைக் கருவியாக்கிப் பிற கல்லூரி ஆசிரியர்களின் நிலையைக் குலைக்கலாகாது. அவர்களது அச்சம் நியாயமானதே என்னும் கருத்துப்பட எழுதினார்.

அவருடைய வகுப்பிலேயே ஒரு காட்சி உண்டு. திறமையும் உழைப்பும் தன்னுடையவையே என்று இறுமாந்திருக்கும் இளைஞர் கூட்டத்தைப் பார்த்து, "உங்களுள் தலைப்பிள்ளைகள் கை தூக்குங்கள்" என்கிறார். அரங்கிலே பெரும்பாலோர் கை உயர்கிறது, வியப்பொலி எழுகிறது. உழைக்கும் ஊக்கங்கூடப் பிறப்பின் தற்செயலோடு தொடர்புடையதோ என்னும் ஐயம் நொடியிலே விதைக்கப்படுகிறது. 'தகுதி, திறமை' என்று நம்மிடம் ஓயாமல் ஓதுவோர் பார்க்க வேண்டிய காட்சி! அதையே சான் ஹோசேயில் திரையிட்டால்? மாலையிலே கடைவேலை பார்த்துத் தம்பி தங்கையரைக் காக்கும் தலைப்பிள்ளை ஒருத்தி அங்கே இருந்தால், அவளும் கை தூக்கக்கூடும். யார் அதை எண்ணுவது? அவளது வாழ்வையே சான்றாக்கி அடுத்த கேள்வியை எழுப்ப யார் இருக்கிறார்?

தொழில்நுட்பத்தைப் பழிக்கும் பழமைவாதியோ இவன் என்று ஐயுற வேண்டா. வேதம் கேட்ட காதிலே காய்ச்சிய ஈயத்தை ஊற்று என்று தருமசூத்திரம் எழுதிவைத்த நாடு நம் நாடு. அறிவை மலிவாக்கும் எந்தக் கருவியையும், அது அச்சுப்பொறியாயினும் கணிப்பொறியாயினும், வரவேற்பதே நம் வழக்கம். அதே சான் ஹோசேயிலே 2012இல் மின்சுற்றுப் பாடத்துக்கு எட்எக்ஸ் படங்களை வீட்டிலே பார்க்கச் செய்து, வகுப்பு நேரம் முழுவதையும் ஆசிரியரோடு கணக்குப் போடச் செலவிட்டனர். தேர்ச்சி நூற்றுக்கு 60 அளவிலிருந்து 90ஐத் தாண்டிற்று. அங்கே கருவி ஆசிரியருக்கு வேலையாள் ஆயிற்று; ஆகவே வென்றது.

மற்றொரு முயற்சியின் கதை வேறு. ஸ்டான்ஃபோர்டில் இருந்த செபாஸ்டியன் த்ரன், 2011இல் செயற்கை அறிவுபற்றி நடத்திய இணையப் பாடத்துக்கு 1,60,000 பேர் பதிந்தனர்; ஏறத்தாழ 23,000 பேர் முடித்தனர். அந்த எண்ணிக்கையின் மயக்கத்திலே பிறந்தது உடாசிட்டி நிறுவனம். 2013 சனவரியில் ஆளுநர் ஜெரி பிரௌனின் முன்னிலையிலே சான் ஹோசேயோடு ஒப்பந்தம்; மூன்று கணிதப் பாடங்கள்; பாடமொன்றுக்கு 150 டாலர். எளியோர்க்கு எட்டும் கல்வி என்று முரசறைந்தனர். சேர்ந்தோருள் ஓக்லாந்து நகரத்து எளிய பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர். அவருள் சிலர் வீட்டிலே கணிப்பொறியே இல்லை என்பது பாடம் தொடங்கிய பின்னரே புலனாயிற்று! அடிப்படைக் கணிதத்திலே தேறியவர் நூற்றுக்கு ஏறத்தாழ 24 பேர். சூலையில் திட்டத்தை நிறுத்தி வைத்தனர். கோடைப் பருவத்திலே தேர்ச்சி உயர்ந்தது உண்மை; ஆனால் அப்பருவத்தில் சேர்ந்தோருள் பாதிக்கு மேற்பட்டோர் முன்னரே பட்டம் பெற்றவர்கள். நீந்தத் தெரிந்தவனைக் குளத்திலே தள்ளி, நீச்சல் கற்பித்தேன் என்று மார்தட்டியதற்கு ஒப்பு இது. தம் சரக்கு மட்டமானது என்று த்ரனே அவ்வாண்டு நவம்பரில் ஒப்புக்கொண்டு, தொழிற்பயிற்சிப் பக்கம் திரும்பினார்.

அதே நவம்பரில் பென்சில்வேனியாப் பல்கலைக் கழக ஆய்வாளர் தம் இணையப் பாடங்களில் சேர்ந்தோரைக் கணக்கெடுத்து வெளியிட்டனர். பத்தில் எட்டுப் பேர் ஏற்கெனவே பட்டதாரிகள். பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளிலோ, சேர்ந்தவருள் நூற்றுக்கு 80 பேரளவு, அந்நாட்டு மக்களுள் செல்வத்திலும் கல்வியிலும் முதல் 6 விழுக்காட்டிலிருந்து வந்தவர்கள். எட்எக்ஸோ 2021இல் 80 கோடி டாலருக்கு வணிக நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது; வாங்கிய நிறுவனம் 2024 சூலையில் கடன் தீர்க்க இயலாது நீதிமன்றப் படியேறிற்று. பல்கலைக் கழகங்கள் பெற்ற பிள்ளை சந்தையிலே கைமாறிய கதை இது.

இந்தியாவிலே 'ஸ்வயம்' என்னும் அரசு இணையப் பாடமேடை 2017இல் தொடங்கிற்று. ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் நூற்றுக்கு 40 வரை அதன் வழியே படிக்கவிடலாம் என்று பல்கலைக் கழக மானியக் குழு 2021இல் விதி வகுத்தது. விதி வரம்பைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. எந்தக் கல்லூரியிலே, எந்தப் பாடம், விருப்பத்தால் திரைக்குப் போகிறது. எது ஆசிரியர் நாற்காலி காலியாய்க் கிடப்பதனால் போகிறது? கல்லூரியிலே பயிலும் தோழர்கள் தத்தம் துறையிலே கேட்டு எழுதுங்கள். ஊர்ப் பெயர், பாடப் பெயர், காலியிட எண்ணிக்கை மூன்றும் இருந்தால் போதும்.