வடிகட்டிய கூழும் குட்டிப் பிசாசும்

ஜெயங்கொண்டத்தைத் தாண்டிக் கங்கைகொண்ட சோழபுரம் போகிறவர்கள் கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து ஆண்ட முதலாம் குலோத்துங்கனைப் பாடிய 'கலிங்கத்துப்பரணி'தான், தமிழில் பேய்களை வைத்து வயிறு வலிக்கச் சிரித்த நூல். பாடியவர் சயங்கொண்டார். (ஊருக்கும் புலவருக்கும் பெயர் ஒத்துப்போகிறது; அதற்குமேல் உறவு கொண்டாட நான் தயாரில்லை.)

பசியால் வற்றிப்போன பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன. கலிங்கப் போர் முடிந்ததும் களத்திலேயே பிணக்கூழ் அடுகின்றன. பந்தியில் குருட்டுப் பேய், ஊமைப் பேய், கர்ப்பிணிப் பேய் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கவனிப்பு. சமணப் பேய்க்கு மட்டும் கொழுப்பையே துணியாக்கி, மயிர் விழாமல் வடிகட்டி ஊற்ற வேண்டுமாம்! காதலும் இதே நூலில் உண்டு. ஊடிக் கதவடைத்த பெண்களைக் கதவு திறக்கச் சொல்லும் 'கடை திறப்பு' அது. ஆனால் காதல் ஓர் அறையில், பேய் வேறோர் அறையில். 900 ஆண்டுகளாக நடுச்சுவர் அப்படியே நிற்கிறது என்பது என் எண்ணம்.

ஊர்க்கதைகளும் அந்தச் சுவரைத் தொடுவதில்லை. பெரம்பலூர்ப் பக்கம் சிறுவாச்சூரில், செல்லியம்மனை ஆட்டிவைத்த மந்திரவாதியை மதுரகாளி வதைக்கிறாள். மாய வித்தைக்கு அங்கே ஒரே முடிவுதான். சினிமா பேயைச் சிரிக்கவிட்டது. 'பட்டணத்தில் பூதம்' (1967) படத்தில் ஜாடியிலிருந்து வரும் பூதம் காதலர்களுக்கு எடுபிடி. 'கல்யாணராமன்' (1979) ஆவி இரட்டைப் பிறவியின் உடம்பில் புகுந்து கூத்தடிக்கிறது. 'காஞ்சனா' (2011) பேய்க்குச் சிரிப்போடு பழிவாங்கும் வேலையும் உண்டு. மிஷ்கினின் 'பிசாசு' (2014) சுவரில் ஒரு செங்கல்லை உருவியது; தன் சாவுக்குக் காரணமானவனையே அந்தப் பெண் காக்கிறாள். ஆனால் அது சிரிக்கிற படமல்ல.

நாவல் பக்கமும் பங்காளிகள் போலப் பிரித்துக்கொண்டார்கள். காதல் ரமணிசந்திரனுக்கு, அமானுஷ்யம் இந்திரா சௌந்தர்ராஜனுக்கு. பேருந்து நிலையக் கடையில் இரண்டும் ஒரே கயிற்றில் தொங்கும். ஒரே அட்டைக்குள் வருவது அபூர்வம். இதற்குள் ஆங்கிலத்தில் ஸ்டெஃபனி மேயரின் 'ட்விலைட்' (2005) ரத்தக்காட்டேரியை மாப்பிள்ளையாக்கிவிட்டது. ரூபி டிக்சனின் 'ஐஸ் பிளானெட் பார்பேரியன்ஸ்' (2015) கொம்பு வைத்த நீலநிற வேற்றுக்கிரகவாசியைக் கொண்டுவந்தது. இவற்றைப் படிப்பதில் உள்ள சுகம் எளிமையானது. கல்யாணம் நடக்கும் என்று முதல் பக்கத்திலேயே தெரியும்; கொம்பு தலையணையைக் கிழிக்காமல் எப்படித் தூங்குவது என்பதுதான் கதை. இலக்கியமில்லை என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள், பரணியின் கூழ்ப்பானையை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட காதல் நமக்கு அந்நியமும் இல்லை. மகாபாரதத்தில் அரக்கன் இடிம்பனைக் கொன்ற கையோடு அவன் தங்கை இடிம்பியை மணக்கிறான் வீமன், குந்தியும் சம்மதிக்கிறாள். காதலியை 'ராட்சசி', 'குட்டிப் பிசாசு' என்று கொஞ்சுகிற மொழி வேறு நம்முடையது. நிஜப் பிசாசு வந்தால் மட்டும் வேப்பிலையைத் தேடுகிறோம்.

நான் காத்திருப்பது ஒரு தமிழ் நாவலுக்காக. அரியலூர் வீடொன்றில் பேய் மருமகள் விளக்கேற்றிக்கொண்டு உள்ளே வருகிறாள், மாமியார் அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "ஏம்மா, உனக்குக் கூழை வடிகட்டணுமா, அப்படியே ஊத்தலாமா?" என்று கேட்கிறாள்.