கோட்டையும் பொதுமக்களும்

யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றி எழுதுவோர் அதன் ஐங்கோண வடிவத்தில் தொடங்கி அகழியில் முடித்துவிடுகின்றனர். கட்டடக்கலையின் சமச்சீர்மை, கொத்தளங்களின் கம்பீரம், மாலை வெயிலில் முருகைக்கல்லின் நிறம் ஆகியவற்றைப் போற்றும் எழுத்துக்குக் குறைவில்லை. அவ்வெழுத்தில் காணாமற்போகும் ஒரே பொருள் மனிதன்.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியபின் இங்கு எழுப்பியது நாற்கோண அரண். 1621இல் நல்லூர்க் கோயிலை இடித்த கையே இதனையும் கட்டியது. அக்கோயிற் கற்கள் இச்சுவர்களில் உறங்குகின்றன என்பது வழிவழி வந்த செய்தி. 1658இல் வந்த ஒல்லாந்தர் அதனை ஐங்கோணமாக்கினர். கல்லை உடைத்துச் சுமந்தவர் யார்? ‘ஊழியம்’ என்ற பெயரில் கூலியின்றிப் பிடிக்கப்பட்ட இந்நாட்டு மக்கள். வெளியரண்கள் நிறைவெய்தியது 1792இல். 1795இலோ கோட்டை எதிர்ப்பின்றி ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு எவரைக் காத்தது என்று கேட்கும் வரலாற்று நூல் நமது வகுப்பறைகளில் இல்லை.

ஆங்கிலேயர் அதனை மாளிகையும் மறியற்சாலையும் ஆக்கினர். ஒரே மதிலுக்குள் தேசாதிபதியின் தங்குமனை, தேவாலயம், தூக்குமேடை! இதனினும் தெளிவாக ஓர் ஆட்சியைக் கல்லில் எழுதிக்காட்ட இயலாது. பொதுமகன் இக்‘கட்டடத்’தினுள் நுழைந்தது கல் சுமக்கவோ கைதியாகவோதான். விடுதலைக்குப் பின்னும் மறியல் மறியலாகவே இருந்தது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நிற்கும் கடற்கோட்டையின் கதையும் வேறன்று. அதுவும் சிறையாயிருந்தது, இன்று கடற்படை நடத்தும் உல்லாச விடுதி. சிறை விடுதியாவதில் தவறில்லை என்பர் சிலர். சிறையென்பதே அழகுப் பொருளாக விலைபோவதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

1990ஆம் ஆண்டை எப்படிச் சொல்வது? ஜூன் முதல் புலிகள் கோட்டையை முற்றுகையிட்டனர். ஆகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதியில் இறங்கியது. செப்டெம்பரில் மண்டைதீவிலிருந்து கடல்நீரேரியைக் கடந்து கோட்டையை அடைந்தது. அம்மாத இறுதியிலேயே அதனைக் கைவிட்டு வெளியேறியது. ஒரு கோட்டைக்காக எமது தீவு வெறுமையாயிற்று. மக்கள் இடம்பெயர்ந்தனர்; பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்களின் வீட்டார் இன்றும் விடை கேட்கின்றனர். 1706ஆம் ஆண்டுத் தேவாலயம் அப்போரிலும் அதன் பின்னரும் கற்குவியலாகிவிட்டது. கோட்டை மீது இருதரப்பும் கொண்ட வேட்கையில், அயலிலிருந்த வள்ளக்காரனையும் வலைக்காரனையும் எண்ணியவர் எவர்?

போர் முடிந்தபின் நெதர்லாந்தின் நிதியுதவியோடு புனரமைப்பு நடந்தது. இடிந்த மதிலை எழுப்புவது நற்பணியே. இதை ஒளிவின்றி ஏற்கிறோம். ஆனால், எந்தக் காலத்துக் கோட்டையை மீட்பது என்பது தொழில்நுட்பம் மட்டும் தீர்க்கும் விடயமன்று. ஒல்லாந்தர் கோட்டையை மீட்டெடுத்தால் ஒல்லாந்தருக்கு முந்தியதும் பிந்தியதும் மண்ணுள் போகும். அங்கு நடந்த அகழாய்வுகளோ, கோட்டைக்கு மிக முன்னரே கடல்கடந்து வந்த மட்பாண்ட ஓடுகளை வெளிக்கொணர்ந்துள்ளன. வணிகர் துறையாயிருந்த இடத்தை அரண் விழுங்கிற்று என்பதற்கு அவ்வோடுகளே சாட்சி. (இவ்வோட்டுத் துண்டுகளைக் கண்டதும் ‘எமது பழம்பெருமை’ என்று முழங்கும் அன்பர்களுக்கும் ஒரு சொல்: அத்துறையில் மூட்டை சுமந்தவனும் பெருமைக்குரியவன்தான், அவனையும் சேர்த்தே முழங்குங்கள்.)

இன்று மாணவர் கூட்டமாய் வந்து கொத்தளத்தில் நின்று நிழற்படம் எடுத்துத் திரும்புகின்றனர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. அழைத்துவரும் ஆசிரியராகிய நாம் என்ன காட்டுகிறோம்? அடுத்த முறை முதலில் மறியற்சாலை நின்ற பக்கத்துக்கு நடத்திச் செல்வோம். ஊழியம் என்ற சொல்லை அங்கே விளக்குவோம். பிறகு தென்புற மதிலேறி, நீரேரிக்கு அப்பால் தெரியும் மண்டைதீவைச் சுட்டிக்காட்டி, 1990இல் அங்கிருந்தவர் எங்கே போயினர் என்று அவர்களையே கேட்கச் செய்வோம்.