எட்டு நிமிடமும் முப்பது நிமிடமும்

2008 ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 75 கிலோ அரையிறுதியில் விஜேந்தர் சிங், கியூபாவின் எமிலியோ கொரேயாவிடம் 5-8 என்ற கணக்கில் தோற்றார். கையில் மிஞ்சிய வெண்கலம்தான் பாக்சிங்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம். இறுதியில் கொரேயாவை 16-14 என்று மயிரிழையில் வென்று தங்கம் வாங்கியவர் பிரிட்டனின் ஜேம்ஸ் டிகேல். மூவருக்கும் ஒரே எடை, ஏறக்குறைய ஒரே தரம். அதற்குப் பிறகு போன வழிகள்தான் வேறு. டிகேல் ஆறு மாதத்தில், 23 வயதில், தொழில்முறை ரிங்குக்குள் இறங்கினார்; 2015 மே மாதம் ஐ.பி.எஃப். உலகப் பட்டத்தை வென்றார். விஜேந்தர் தம் முதல் தொழில்முறை ஆட்டத்தை மான்செஸ்டரில் ஆடியது 2015 அக்டோபரில். முப்பது வயது நிறையச் சில வாரங்களே இருந்தன. கொரேயாவின் நாட்டில் அப்படியொரு வாசலே கிடையாது. 1960களின் தொடக்கத்திலேயே ஃபிடல் காஸ்ட்ரோ அரசு தொழில்முறை விளையாட்டைத் தடை செய்துவிட்டது.

அமெச்சூர் பாக்சர்கள், அதிலும் கியூபர்கள், காசுக்கு ஆடும் ரிங்குக்கு வந்ததும் ஏன் திணறுகிறார்கள் என்று கேட்டால் பாக்சிங் ரசிகர்கள் உடனே ஒரு பதில் சொல்வார்கள்: தொட்டுவிட்டு விலகுகிறவர்கள், அடித்து வீழ்த்தப் பழகாதவர்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதியை மட்டுமே பேசிப் பேசி, மாற்றத்தைக் கெடுக்கிற மற்ற காரணங்களை நாம் பார்க்கத் தவறுகிறோம். கியூபப் பாணி தொழில்முறைக்கு ஒத்துவராது என்ற முடிவு தவறானது என்பதே என் கருத்து. காலம் கடந்து மாறுவதும், மாறியபின் யாரோடு மோத விடுகிறார்கள் என்பதும்தான் பெரும்பாலும் ஒரு வீரனின் கதையை முடிவு செய்கின்றன.

முதலில் அந்தப் பாதி உண்மையைப் பார்ப்போம். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ராய் ஜோன்ஸிடமிருந்து தங்கத்தைப் பறித்த தீர்ப்பு உலகத்தையே முகம் சுளிக்க வைத்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு, 1992 முதல் 2012 வரை ஒலிம்பிக்கில் கணினி வழியாகப் புள்ளி போட்டார்கள். ஐந்து நடுவர்களில் மூன்று பேர் ஒரு நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் ஒரு குத்துக்குப் புள்ளி. எந்தக் குத்து மூன்று பேர் கண்ணிலும் ஒரே நேரத்தில் படும்? நீளமாக, நேராக, முகத்தில் விழுவதுதான். நெருங்கி நின்று விலாவில் இறக்கும் கனமான குத்து எதிராளியின் மூச்சையே நிறுத்தலாம். பொத்தான் அசையாமல் போகலாம். ஒரு தட்டலும் ஒரு இடியும் கணக்கில் ஒன்றுதான். பெய்ஜிங்கில் இரண்டு நிமிட ரவுண்டுகள் நான்கு, மொத்தம் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தில் இரண்டு புள்ளி முன்னே போனவன் மிச்ச நேரம் முழுக்கக் கால்களை நம்பினால் போதும். விதி எதற்குப் பரிசு கொடுத்ததோ அதையே வீரர்கள் கற்றார்கள்.

கியூபர்கள் மற்ற எல்லோரையும்விட நன்றாகக் கற்றார்கள். அல்சிடெஸ் சகாரா என்ற கோச் சோவியத் முறையையும் தீவின் பழைய தொழில்முறைக் கலையையும் சேர்த்துக் கட்டிய பள்ளி அது. தியோஃபிலோ ஸ்டீவன்சன் 1972, 76, 80 என்று மூன்று ஒலிம்பிக்கில் ஹெவிவெயிட் தங்கம் வென்றார். ஃபெலிக்ஸ் சவோன் 1992 முதல் மூன்று முறை. அந்தப் பள்ளி கற்றுத்தந்தது முதலில் தூரம். எதிராளியின் கை எட்டாத, தன் கை எட்டுகிற இடத்தைக் கால்களால் கண்டுபிடிப்பது. 'சார்பட்டா பரம்பரை' படத்தின் டான்சிங் ரோஸைப் பார்த்த தமிழ் ரசிகர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை; அந்தப் பாத்திரத்தின் ஆட்டத்தில் நம் கண்ணைக் கட்டிப்போட்டது கையா, காலா என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கலையின் உச்சத்தையும் அதன் எல்லையையும் ஒரே ஆளிடம் காணலாம்: கியேர்மோ ரிகொண்டோ. 2000, 2004 ஒலிம்பிக் தங்கம். கியூபாவை விட்டு வெளியேறி, தொழில்முறையில் இறங்கியபோது வயது 28. 2013 ஏப்ரலில் நியூயார்க்கில், அப்போது உலகமே கொண்டாடிக்கொண்டிருந்த நோனிட்டோ டொனேரை 12 ரவுண்டுகள் காற்றைக் குத்த வைத்தார். பத்தாவது ரவுண்டில் ஒருமுறை கீழே விழுந்தும், மூன்று நடுவர்களும் அவருக்கே வெற்றியைத் தந்தார்கள். அது அவருடைய 12ஆவது தொழில்முறை ஆட்டம்தான்! தற்காப்பை இவ்வளவு அழகாகச் செய்ய முடியும் என்பதற்கு இந்த நூற்றாண்டில் அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அரங்கில் கூச்சல் எழுந்தது, ரசிகர்களுக்கு அலுத்தது. அவரை விளம்பரப்படுத்த வேண்டியவர்களே ஆர்வம் இழந்தார்கள். பெரிய ஆட்டங்கள் கிடைக்காமல் ஆண்டுகள் ஓடின. கடைசியில் 2017 டிசம்பரில், இரண்டு எடைப்பிரிவு மேலே ஏறிப் போய் வாசில் லோமசென்கோவுடன் மோதினார். கட்டிப்பிடித்தே நேரத்தைக் கடத்தினார், அதற்காக ஒரு புள்ளியும் பறிபோனது, ஆறு ரவுண்டு முடிந்ததும் கையில் காயம் என்று நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இந்த இரண்டாம் ஆட்டத்தைக் காட்டித்தான் கியூபப் பாணியின் தோல்வி என்கிறார்கள். லோமசென்கோ யார்? அவரும் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெச்சூர். அவருடைய ஆட்டமும் கால்களில்தான் இருக்கிறது. அன்று தோற்றது பாணி அல்ல, 37 வயதில் தன்னைவிடப் பெரிய உடம்போடு மோதிய ஒரு மனிதர். ரிகொண்டோவின் குறை வேறு இடத்தில் இருந்தது. ஒரு குத்தில் ஆளைச் சாய்க்கிற இடக்கை அவரிடம் இருந்தும், முன்னிலை பெற்றபின் அதை உபயோகிக்க மறுத்தார். எட்டு நிமிட ஆட்டத்தின் சிக்கனத்தை முப்பத்தாறு நிமிட ஆட்டத்திலும் கடைப்பிடித்தார். காசு கொடுத்து வருகிறவனுக்கும் நடுவருக்கும் ஆதிக்கத்தைக் கண்ணால் காட்டியாக வேண்டும் என்பதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை.

எரிஸ்லாண்டி லாரா அதை ஏற்றுக்கொண்டார், அதுவும் தாமதமாக. 2014 ஜூலையில் லாஸ் வேகாஸில் கனேலோ ஆல்வரஸை ரிங்கைச் சுற்றிச் சுற்றி வரவைத்தும், பிளவுபட்ட தீர்ப்பில் தோற்றார். கனேலோவின் குத்துகள் முகத்தில் தவறின, விலாவில் இறங்கின. நடுவர்களில் இருவர் அதைப் பார்த்தார்கள். பிறகு வயது ஏற ஏற லாரா ஓட்டத்தைக் குறைத்தார். காலை ஊன்றி நின்று உடம்பின் எடையைக் குத்தில் ஏற்றக் கற்றார். 2018இல் ஜாரெட் ஹர்டோடு ஆடிய ஆட்டம் தோல்விதான், ஆனால் அவர் நின்று அடித்ததில் அரங்கே எழுந்து நின்றது. 40 வயதைக் கடந்தபின், 2024இல், மிடில்வெயிட் உலகப் பட்டத்தோடு மைக்கேல் செராஃபாவையும் டேனி கார்சியாவையும் ஆட்டம் முடியும் முன்பே நிறுத்தினார். தூரத்தைக் கணிக்கும் கண்ணும் அடி வாங்காத பழக்கமும் இருந்ததால்தான் அந்த வயதிலும் அவரால் நிற்க முடிந்தது. கியூபப் பள்ளிக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது.

ராபெய்சி ராமிரெஸின் கதை இன்னும் கூர்மையானது. இரண்டு ஒலிம்பிக் தங்கத்தோடு வந்தவர் 2019 ஆகஸ்டில் முதல் தொழில்முறை ஆட்டத்திலேயே, முதல் ரவுண்டிலேயே விழுந்து, பெயர் தெரியாத அதான் கொன்சாலஸிடம் தோற்றார். கியூபரான இஸ்மாயில் சாலஸ் கோச்சாக வந்தார். ஒரு வருடத்துக்குள் ராமிரெஸ் அதே கொன்சாலஸை வென்றார். 2023 ஏப்ரலில் ஐசக் டாக்போவை வென்று ஃபெதர்வெயிட் பட்டம் வாங்கினார். அவரை மாற்றியது அதே மரபிலிருந்து வந்து, இரண்டு உலகத்தையும் அறிந்த ஒரு வாத்தியார். பழைய ஆட்டத்தைத் தூக்கி எறியச் சொல்லாமல், எங்கே நிற்க வேண்டும், எப்போது விலாவுக்குப் போக வேண்டும் என்று சேர்த்துக் கொடுக்கத் தெரிந்தவர்.

இந்தியாவுக்கும் அப்படி ஒரு வாத்தியார் இருந்தார். கியூபாவின் பி.ஐ. ஃபெர்னாண்டஸ் 1990இல் இங்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் நம் வீரர்களுக்குப் பயிற்சி தந்தார். 2012இல் துரோணாச்சாரியா விருது பெற்ற முதல் வெளிநாட்டுக் கோச் அவரே. இந்திய அமெச்சூர் பாக்சிங்கில் நீளமான இடக்கைக் குத்து, பக்கவாட்டில் விலகும் கால், அவசரமில்லாத எதிர்க்குத்து என்று நாம் காண்பதில் கியூபாவின் சாயல் பலமாக உண்டு. அதன் நலன் பதக்கங்களாக வந்தது. அதன் கேடு, அந்த ஆட்டத்துக்கு வெளியே ஓர் உலகம் இருக்கிறது என்பதற்கு நாம் எந்த ஏற்பாடும் செய்யாததுதான்.

விஜேந்தர் மாறவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மான்செஸ்டரில் லீ பியர்டிடம் பயின்றார். முதல் ஆறு ஆட்டங்களையும் நாக் அவுட்டில் முடித்தார். 2016 ஜூலையில் டெல்லி தியாகராஜ் அரங்கில் கெரி ஹோப்போடு பத்து ரவுண்டு, முப்பது நிமிடம், மூச்சைப் பங்கிட்டு ஆடி ஆசிய பசிபிக் பட்டம் வாங்கினார். எட்டு நிமிடத்துக்குப் பழகிய உடம்பு அதைச் செய்தது சாதாரணமில்லை. அதன்பிறகுதான் வருத்தம் தொடங்குகிறது. அவருக்கு எதிரே நிறுத்தப்பட்டவர்களில் உலகத் தரவரிசையின் உச்சியில் இருந்த எவரும் இல்லை. 12 வெற்றிகள் சேர்ந்தன, சோதனை சேரவில்லை. இடையில் 2019 மக்களவைத் தேர்தலில் போட்டியிட்டது வேறு. 2021 மார்ச்சில், ஒன்றே கால் ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 35 வயதில் கோவாவில் ஆர்டிஷ் லோப்சானிடம் ஐந்தாவது ரவுண்டில் வீழ்ந்தார். தொழில்முறையில் தோல்வியில்லாத எண்ணிக்கையைக் காப்பதற்காகவே ஆட்டங்களைப் பொருத்துவது ஒரு வியாபாரம். ஒரு நல்ல வீரனின் மிச்ச ஆண்டுகளை அது தின்றுவிடுகிறது.

அவர் ஏன் ஏழு ஆண்டுகள் காத்திருந்தார் என்றும் கேட்க வேண்டும். பதக்கத்தோடு ஹரியானா காவல்துறையில் டி.எஸ்.பி. பதவி வந்தது. இங்கே பாக்சிங் ஆடும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அரசு வேலைதான் இலக்கு, அதில் தவறும் இல்லை. கொல்லிமலைத் தேவனூர் நாட்டிலிருந்து ஒரு பிள்ளை கையுறை மாட்ட ஆசைப்பட்டால், மலையிறங்கி, பள்ளி விளையாட்டு, மாவட்டப் போட்டி, அரசு விளையாட்டு விடுதி என்று ஏறி, ரயில்வேயோ ராணுவமோ காவல்துறையோ கொடுக்கும் வேலையில் போய்ச் சேர வேண்டும். அந்தப் பாதையின் ஒவ்வொரு படியும் அமெச்சூர் விதிகளால் ஆனது. சம்பளமும் ஓய்வூதியமும் தரும் அமைப்பை விட்டு, நாலு ரவுண்டு ஆட்டத்துக்கு எவ்வளவு தருவார்கள் என்றே தெரியாத உலகத்துக்கு 22 வயதில் குதிக்கச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? கியூபாவில் சட்டம் செய்ததை இங்கே வறுமை செய்கிறது.

சென்னையில் இந்தக் கதை தலைகீழாக நடந்தது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகள் வடசென்னையில் டிக்கெட் விற்று ஆடியது தொழில்முறைப் பாக்சிங்தான். துறைமுகக் கூலிகளும் மீனவர்களும் கூடிப் பார்த்த அந்த ஆட்டங்கள் அடிதடியில் பெயர் கெட்டு ஓய்ந்தன. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சி ஆட்டம் ஆடியபோதும் நகரம் திரண்டது. ஆனால் அடுத்த தலைமுறை அமெச்சூருக்கு நகர்ந்தது. 1994 பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற வி. தேவராஜன் அந்த நகர்வின் நல்ல விளைவு. நீண்ட ஆட்டத்தின் நுணுக்கம், நின்று அடிக்கும் கலை, ரவுண்டுகளைப் பங்கிடும் அறிவு எல்லாம் பரம்பரை வாத்தியார்களிடம் இருந்தன. அவற்றை அமெச்சூர் பயிற்சிக்குள் யாரும் கொண்டுவரவில்லை. இரண்டு மரபும் ஒரே ஊரில் இருந்தும் கைகுலுக்காமல் போனதை இழப்பு என்றே சொல்வேன்.

இப்போது சுவர் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. 2013 முதல் ஆண்கள் பிரிவில் தலைக்கவசம் போனது. புள்ளி போடுவதும் தொழில்முறையைப்போலப் பத்துப் புள்ளி முறைக்கு மாறியது. தட்டலுக்கும் இடிக்கும் இனி ஒரே மதிப்பு இல்லை. டோக்கியோவில் தங்கம் வென்ற ஆண்டி குரூஸ் 2023இல் முதல் தொழில்முறை ஆட்டத்தையே பத்து ரவுண்டாக ஆடி வென்றது இந்தப் புதிய பயிற்சியின் பலன். கியூபாவும் 2022இல் தடையைத் தளர்த்தியது. அந்த மே மாதம் மெக்சிகோவில் அதன் வீரர்கள் அதிகாரபூர்வமாகக் காசுக்கு ஆடி வென்றார்கள். ஆனால் இரட்டைத் தங்கம் வென்ற லா குரூஸுக்கு அப்போது 32 வயது, ரோனியெல் இக்லேசியாஸுக்கு 33. அவர்களுடைய சிறந்த பத்தாண்டு ஏற்கெனவே முடிந்திருந்தது.

நிஷாந்த் தேவ் 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் முதல் ரவுண்டிலேயே வென்று தொழில்முறையைத் தொடங்கினார். அப்போது வயது 24. பாரிஸில் காலிறுதியில் தோற்ற ஆறே மாதத்தில், டிகேல் போன வேகத்தில் போயிருக்கிறார். கியூபச் சாயல் படிந்த அந்தக் கால்கள் அவரிடம் இருக்கின்றன, வயதும் இருக்கிறது. அவரை எட்டு ரவுண்டு இழுத்துக்கொண்டு போய், விலாவில் அடித்து, பின்னால் நடக்க வைக்கிற ஒரு மெக்சிகோக்காரரை அவருடைய ஒப்பந்தக்காரர்கள் எவ்வளவு சீக்கிரம் எதிரே நிறுத்துகிறார்கள் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.